வலி மாத்திரை போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அம்மாவின் மருந்து டப்பாவை ஒருநாள் மேசையில் கவிழ்த்தேன். முழங்கால் வலிக்கென்று மூன்று அட்டைகள். ஒன்று மருத்துவர் எழுதிக்கொடுத்தது. ஒன்று பல்வலிக்கு வாங்கியதில் மிச்சம். மூன்றாவது, "எனக்கு நன்றாகக் கேட்கிறது" என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது. முன்பக்கத்தில் மூன்றும் வேறு வேறு பெயர். திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில், இரண்டில் ஒரே மருந்து: டைக்ளோஃபெனாக். காலையில் ஒன்று, வலி அடங்காவிட்டால் மதியம் ‘வேறு’ ஒன்று என்று அவர் போட்டுக்கொண்டிருந்தது அதே மருந்தைத்தான். ஆகவே முதல் வேலை அட்டையைப் படிப்பது.

படி 1: பின்பக்கத்துப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

இபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், செலகாக்சிப், எடோரிகாக்சிப். இவை அனைத்தும் அழற்சியைக் குறைக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்தால் வலி இரு மடங்கு குறையாது, கெடுதல்தான் கூடும்.

பாராசிட்டமால் இந்தக் குடும்பம் அல்ல. வலியைக் குறைக்கும், வீக்கத்தை வற்றவைக்காது. ஆனால் கூட்டு மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. இதயத்துக்காகத் தினமும் சிறிய ஆஸ்பிரின் போடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இபுப்ரோஃபென் அந்த ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: இது மாத்திரைக்கு அடங்குகிற வலிதானா?

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் மூட்டுவலி என்றால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இந்தக் குடும்பத்தையே தொடாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்க மறுத்தால் முடக்குவாதமாக இருக்கலாம். வலி மாத்திரை அதில் வலியைத் தணிக்கும். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, தாமதிக்காமல் தொடங்க வேண்டியவை.

படி 3: நீங்கள் போடலாமா என்று பாருங்கள்

வயிற்றுப்புண் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மாரடைப்போ இதயச் செயலிழப்போ கண்டவர்கள், ஆஸ்பிரின் போட்டால் மூச்சிரைப்பு வருபவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் (அதிலும் 20 வாரத்துக்குப் பிறகு) இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது.

இன்னொரு கூட்டத்தை யாரும் எச்சரிப்பதில்லை: இரத்தக்கொதிப்புக்காரர்கள். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். உடலில் நீர் குறையும்போது உள்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத்தான் தடுக்கிறது, உள்குழாய் சுருங்குகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற கொதிப்பு மருந்துகள் வெளிக்குழாயைத் தளர்த்துகின்றன. கூடவே சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இரத்தத்தின் நீர் அளவே குறைகிறது. வரத்து குறைவு, வடிகால் அகலம். வடிகட்டுவதற்கான அழுத்தம் எங்கிருந்து வரும்? மூன்றையும் எடுப்பவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலே சிறுநீரகம் படுத்துவிடலாம். வாந்தி, பேதி உள்ள நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

படி 4: முழங்காலுக்கும் கைக்கும் முதலில் பசை

பூசும் பசையை (ஜெல்) ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். 1 சதவீத டைக்ளோஃபெனாக் பசையை ஒரு முழங்காலில் முழு அளவு பூசினாலும், மாத்திரையால் இரத்தத்தில் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் சேர்கிறது. ஆனால் அளவாகப் பூச வேண்டும். முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், கைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு வேளை. பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவிவிட்டு "கேட்கவில்லை" என்பது நியாயமில்லை. கைமூட்டில் பூசினால் ஒரு மணி நேரம் கை கழுவாதீர்கள். மேலே வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், புண்ணான தோலிலும் வேண்டாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் பசை அங்கே எட்டாது.

படி 5: மாத்திரைதான் என்றால்

குறைந்த அளவு, குறைந்த நாட்கள். தாமாக வாங்கும் இபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி.; நாளுக்கு 1,200 மி.கி.க்கு மேல் வேண்டாம். 10 நாளுக்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

"சாப்பிட்டுவிட்டுப் போட்டேனே, வயிறு எப்படிப் புண்ணாகும்?" என்று கேட்பார்கள். சோறு குமட்டலைத்தான் குறைக்கும். இந்த மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இரைப்பையின் பாதுகாப்புப் படலத்துக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் தேவை. மருந்து இரத்தம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஊசியாகப் போட்டாலும் புண் வரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும், காலை உணவுக்கு அரை மணி முன் போட, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்றதை மருத்துவர் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இது.

செலகாக்சிப், எடோரிகாக்சிப் வயிற்றுக்குச் சற்று இதமானவை. ஆனால் அதே இனத்து ரோஃபெகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இதய நோயாளிக்கு ‘வயிற்றுக்கு நல்லது’ என்பது போதாது.

படி 6: எப்போது நிறுத்தி ஓட வேண்டும்

மலம் தார்போல் கறுத்தால். வாந்தி காப்பித்தூள் போல் வந்தால். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகத்தில் ஒரு பக்கம் கோணல், தோலில் கொப்புளம், கால் வீக்கம், சிறுநீர் குறைவு. வயிறு வலிக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புண்ணின் வலியை இந்த மாத்திரையே மறைத்துவிடும். மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இரத்த அழுத்தத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அம்மாவின் நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளில் மட்டும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தத் தாளையே கிழித்துக் கொடுத்தார். பதினோரு புள்ளிகள். மாதம் முழுக்கப் போட்டதாகத்தான் அதுவரை அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.