அரியர் விழுந்ததும் துறையைக் குறை சொல்லாதீர்கள்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த இரவே "எனக்கு மெக்கானிக்கல் ஒத்துவராது" என்று முடிவுகட்டும் மாணவர்கள் எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் இருப்பதோ கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம். அதில் மெக்கானிக்கல் எங்கே வந்தது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) முதல் செமஸ்டர் பாடங்கள் எல்லாத் துறைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். துறைப் பாடங்கள் கூட்டமாக வருவது மூன்றாம் செமஸ்டரில். எம்-1, அதாவது முதல் செமஸ்டர் கணிதத்தில், தேறாமல் பாக்கி நிற்கும் அரியர் சிவிலில் சேர்ந்திருந்தாலும் விழுந்திருக்கும், இசிஇயில் (மின்னணுவியல்) சேர்ந்திருந்தாலும் விழுந்திருக்கும். அதை வைத்துத் துறையை எடைபோடுவதுதான் முதல் தவறு.

கீழே வரும் எண்கள் அந்த ஒழுங்குமுறையில் படிக்கும் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கானவை. தன்னாட்சிக் கல்லூரியிலோ அடுத்து வந்த ஒழுங்குமுறையிலோ இருப்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, ஏன் போனது என்று பார்க்காமலே மறுபடி படிக்க உட்காருவது. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் மறுமதிப்பீட்டுக்காக மட்டுமே அதை வாங்குகிறார்கள். இரண்டு மதிப்பெண் கூடுமா என்று தேடிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். உண்மையில் அதுதான் நோயைச் சொல்லும் ஸ்கேன். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தால் சிக்கல் நேரத்தில்: மூன்று மணி நேரத்தில் 13 மதிப்பெண் கேள்விகள் வரும் பகுதி ‘ஆ’-வை முடிக்கும் பழக்கம் இல்லை. நாலு பக்கம் எழுதியும் 13-க்கு 5 என்றால், கேள்வி கேட்டது சூத்திரத்தின் தருவிப்பு (டெரிவேஷன்), எழுதியது விளக்கம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் இருந்தால், கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லை என்று பொருள். தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு முதலாண்டில் இது சகஜம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே மருந்தாக டியூஷன் சேர்ந்தால் பணம்தான் போகும். நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் மிகக் குறைவு என்பதால், நகல் வந்த அன்றே அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட வேண்டும்.

"இன்டர்னல்தானே" என்ற அலட்சியத்துக்கு விலை உண்டு. தியரி பாடத்தில் கல்லூரியே தரும் இன்டர்னல் மதிப்பெண் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வுத்தாள் 100-க்கு நடந்து 60-ஆகக் குறைக்கப்படும். பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும். தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 32 வைத்திருப்பவருக்குத் தாளில் 45 போதும். 15 வைத்திருப்பவர் மீதி 35-ஐ 60-க்குள் எடுக்க வேண்டும், அதாவது தாளில் 59. அடுத்த முறை அரியர் எழுதும்போதும் அந்தப் பழைய இன்டர்னல்தான் கூடவே வரும். எந்த அரியரை முதலில் முடிப்பது என்று தீர்மானிக்கும்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். கடினமான பாடம் என்று பயப்படுகிற ஒன்றுக்குச் சில சமயம் 45 போதுமானதாக இருக்கும்.

"மூணு யூனிட் படிச்சா போதும்" என்ற சீனியர் அறிவுரையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் 5, பதினைந்து மதிப்பெண் கேள்வி 1. பாடத்தின் ஐந்து யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்று என்றால், மூன்று யூனிட்டுக்கு 12-உம் 39-உம், ஆக 51. எழுதியதில் 70 சதவீதம் கிடைத்தால் 36. பதினைந்து மதிப்பெண் கேள்வி படித்த யூனிட்டிலிருந்து வந்தால்தான் கரை தெரியும். நாலு யூனிட்டும், ஐந்தாவதன் இரண்டு மதிப்பெண் கேள்விகளும் என்று வைத்துக்கொள்வதுதான் பிழைக்கும் வழி.

அரியருக்குப் படிக்கிறேன் என்று நடப்பு வகுப்புகளை வெட்டுவது இன்னொரு பொறி. வருகை 75 சதவீதம் வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்குத் தளர்வு உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். ஒரு அரியரைக் காப்பாற்றப் போய் ஆறு பாடத்தை இழப்பது என்ன வியாபாரம்?

ஜிபிஏ காட்டும் மாயையில் மயங்குபவர்களும் உண்டு. ஜிபிஏ என்பது ஒரு செமஸ்டரின் சராசரி கிரேடுப் புள்ளி, சிஜிபிஏ எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி; கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. அரியர் பாடங்கள் ஜிபிஏ கணக்கில் சேராது. 22 கிரெடிட்டில் 7 கிரெடிட் போய், பாஸான 15-இல் சராசரி 7 என்றால் மதிப்பெண் பட்டியலில் 7.0 என்றே இருக்கும். அந்த 7 கிரெடிட்டையும் பின்னால் ‘சி’ கிரேடில், அதாவது 5 புள்ளியில், முடித்தால் அது 6.36-ஆக இறங்கும். "எல்லாம் கிளியர் பண்ணிட்டேன், சிஜிபிஏ ஏன் குறைஞ்சுது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். பாஸான பாடத்தை மதிப்பெண் உயர்த்த மறுபடி எழுதவும் முடியாது. ஆகவே அரியரில் வெறும் பாஸைக் குறிவைப்பது நஷ்டம்.

மீள முடியுமா என்பது எப்போது விழித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நாலு வருடத்துக்கு 165 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் 45 கிரெடிட்டில் 5.6 வாங்கியவர் மீதியில் சராசரி 7.5 எடுத்தால் 6.98-இல் முடிப்பார். அதே 5.6-உடன் 125 கிரெடிட்டைத் தாண்டியவர் கடைசி 40-இல் 9 எடுத்தாலும் 6.42-தான். அந்த நிலையில் சிஜிபிஏவைத் துரத்துவதைவிட, வேலைவாய்ப்பு முகாமுக்கு முன் கையில் அரியர் இல்லாமல் நிற்பதே முக்கியம்.

சரி, துறையே பிடிக்கவில்லை என்றால்? மூன்றாம் செமஸ்டர் துறைப் பாடங்களைப் படித்த பின்னும் அப்படித் தோன்றினால் அதை மதிக்க வேண்டும். ஆனால் போக விரும்பும் துறையை யூடியூப் அறிமுகக் காணொளிகளால் சோதிக்காதீர்கள்; எந்தத் துறையும் முதல் அரை மணி நேரம் இனிக்கும். ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடெலில் அந்தத் துறையின் 12 வாரப் பாடம் ஒன்றில் சேருங்கள். சேரக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும்தான். வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. கணக்குகள் இறுகத் தொடங்கும் நாலாம், ஐந்தாம் வாரத்திலும் கெடு தவறாமல் போடுகிறீர்களா என்று பாருங்கள். அங்கே கழன்றுவிட்டால் உங்களுக்குப் பிடித்தது அந்தத் துறையின் சம்பளம் மட்டுமாக இருக்கலாம்.

படிப்பை விட்டுவிட்டு மீண்டும் கலந்தாய்வுக்குப் போவது பெரும்பாலும் வீண். பிளஸ் டூ மதிப்பெண் அதேதான், 200-க்கான கட்ஆஃபும் அதேதான். ஒரு வருடம் மட்டும் குறையும். இருக்கிற பட்டத்தோடு வேறு துறையில் 18 கூடுதல் கிரெடிட் எடுத்து மைனர் (துணைத் துறைத் தகுதி) பெறலாம். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் தரவு அறிவியலைக் கூடவே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யுஜிசி அனுமதி உண்டு. ஆனால் நாலு அரியர் கையில் இருக்கும்போது இதைத் தொடங்கினால் இரண்டும் கெடும். பட்டம் முடித்தபின் தமிழ்நாட்டின் நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, இரண்டு வருடக் கணினி முதுநிலைப் படிப்பான எம்சிஏவில் சேரலாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை வேறு துறைத் தாளில் எழுதவும் தடையில்லை, மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். பொதுத்துறை நிறுவன வேலைக்குத்தான் என்றால் கவனம்: அவர்கள் கேட் தாளோடு நில்லாமல் பட்டத்தில் எந்தத் துறை என்றும் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் பட்டத்தோடு கம்ப்யூட்டர் தாள் எழுதுபவர், கட்டணம் கட்டும் முன் அந்த நிறுவன அறிவிப்பின் தகுதிப் பகுதியைப் படித்துவிட வேண்டும்.