எல்லாத் துறைக்கும் கணினிப் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ், வரலாறு, வணிகவியல், தாவரவியல் என எந்தத் துறையில் படித்தாலும் ஒரு கணினித் தாள் இருக்கட்டும் என்று கல்லூரிகள் முனைகின்றன. நல்ல முயற்சி. ஆனால் புதிதாக உட்காரும் ஒவ்வொரு பாடக்குழுவும் முன்னே போனவர்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறது. லேபில் கணினி போதவில்லை, இணையம் இழுக்கிறது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தைச் சுருக்கிக் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இதுதான். பி.எஸ்சி. முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பாதியாக வெட்டி, பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். பகா எண் கண்டுபிடி, ஃபிபோனாச்சி வரிசையை அச்சிடு, நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் போடு. பி.ஏ. தமிழ் படிக்கும் மாணவிக்கு இதில் எதுவும் தன் கேள்வி அல்ல. மனப்பாடம் செய்து தேறிவிடுவார். அடுத்த செமஸ்டரில் ஒரு வரிகூட நினைவிருக்காது. கிரெடிட், லேப் நேரம், ஆசிரியரின் உழைப்பு எல்லாம் வீண்.

அதே மாணவியிடம் குறுந்தொகையைக் கொடுங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘கடல் எத்தனை பாட்டில் வருகிறது?’ என்று கேளுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘கடல்’ என்று தேடினால் ‘கடலும்’, ‘கடலின்’ போன்றவை சிக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியீடு தரும் யூனிகோடு முறையில் ‘கடல்’ என்பது க, ட, ல, புள்ளி என நான்கு குறியீடுகள். ‘கடலும்’ என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது. சரி, புள்ளியை நீக்கி ‘கடல’ என்று தேடலாம். இப்போது அவை வரும். ‘கடற்கரை’ வராது, லகரம் றகரமாகத் திரிந்துவிட்டதே! புணர்ச்சி விதிகளைப் பார்த்து, வரக்கூடிய வடிவங்களையெல்லாம் பட்டியலாக்கி, ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. லிஸ்ட் (பட்டியல்), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை மூன்றும் அவருக்கு அங்கேதான் தேவைப்படுகின்றன. விதி தெரிந்த தமிழாசிரியர் லேபில் உடன் நிற்காவிட்டால் இந்தப் பாடம் நடக்காது. கணினி ஆசிரியரை மட்டும் அனுப்பிவிட்டுத் துறை ஒதுங்கிக்கொள்வதும் இதே தவறின் இன்னொரு முகம்.

ஒரு நுணுக்கம். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிட்டால் பைத்தான் ‘வேறு’ என்றுதான் சொல்லும். எனவே தேடலுக்கு முன்பே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வணிகவியலுக்கு வேறு வாசல். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், 0.30000000000000004 என்று வரும். பணக்கணக்கை ஏன் பைசாவில் முழு எண்ணாகவோ தசமக் கணக்குக்கென்றே உள்ள டெசிமல் மாட்யூலிலோ வைக்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2015-இல் ‘டேட்டா 8’ என்ற தரவு அறிவியல் பொதுத் தாளைத் தொடங்கியபோது, துறை சார்ந்த இணைப்புத் தாள்களையும் கூடவே வைத்தது. பலர் பொதுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, இணைப்புத் தாள்களை விட்டுவிடுகிறார்கள்.

எக்செல்லைத் தாண்டி ஓடுவது

‘எக்செல் எல்லாருக்கும் தெரியும்’ என்று நேரே பைத்தானுக்குப் போய்விடுகிறார்கள். தெரியாது. 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 1857 நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் வரலாற்று மாணவர் இங்கேயே மாட்டிக்கொள்வார். ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். எண்களில் 15 இலக்கம்தான் நிற்கும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள சுழியமும் காணாமல்போகும். உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும், பிறகு மாற்றிப் பயனில்லை. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கியதால், 2020-இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றும்படி ஆனது.

பொருளியல் மாணவர்களுக்கு பொருளியலாளர்கள் ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-இல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டுங்கள். எக்செல்லில் சராசரி போட்ட ஃபார்முலா சில வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டதால் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013-இல் அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர்.

பழைய எழுத்துருக் கோப்புகள்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

தாளில் நிரல் எழுதும் தேர்வு

வேண்டாம்.

முதல் வகுப்பிலேயே இன்ஸ்டால்

அதுவும் வேண்டாம். சிறு கட்டங்களில் (செல்களில்) நிரல் எழுதி அங்கேயே இயக்கும், கூகுளின் கோலாப் போன்ற பிரவுசர் நோட்புக்கில் தொடங்குங்கள்.

விடைக்கு மட்டும் மதிப்பெண்

மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கை வைக்காத மூலத் தரவு, நோட்புக், எதை ஏன் நீக்கினோம் என்று அரைப் பக்கக் குறிப்பு. தமிழிலேயே எழுதட்டும். பிறகு பத்து நிமிட வைவா. ஒரு வரியை மாற்றி, என்ன ஆகும் என்று கேட்டால் போதும். நோட்புக்கை ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஒப்படைக்கச் சொல்லுங்கள். செல்களை முன்பின்னாக இயக்கியிருந்தால், அழித்துவிட்ட வரியின் மதிப்பு நினைவகத்தில் தங்கிவிடுவதால் நிரல் மாணவரின் கணினியில் மட்டும் ஓடும், உங்கள் கணினியில் ஓடாது.