சுண்டெலி மஜ்ஜை மாற்றில் ஜி-சிஎஸ்எஃப்: எவ்வளவு கொடுப்பது, எதை அளப்பது

ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். அதை மட்டும் வைத்து மாற்றிய மஜ்ஜை வேரூன்றிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைக்க வேண்டும். கடினமான பகுதி அதுதான்.

தானம் தரும் எலிகள் சிடி45.1, பெறுபவை சிடி45.2 வகையாக இருக்கட்டும் (வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரே புரதத்தின் இரு வடிவங்கள் இவை; எந்தச் செல் யாருடையது என்று இவற்றை வைத்துப் பிரிக்கலாம்). இரண்டும் சி57பிஎல்/6 என்னும் ஆய்வக எலி இனப் பின்னணி. பெறுபவற்றுக்கு மொத்தம் 11 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர்வீச்சு: 5.5 கிரே வீதம் இரண்டு தவணை, நடுவே 3 முதல் 4 மணி நேரம். பால்ப்/சி என்னும் வேறு இன எலிகள் இந்த அளவைத் தாங்காது. கதிர் மட்டும் பெற்று செல் பெறாத ஒரு குழு கட்டாயம் தேவை. அவை இரண்டு வாரத்துக்குப் பிறகும் நலமாக இருந்தால் கதிர் அளவு போதவில்லை என்று பொருள். எடை 20 விழுக்காடு குறைந்த எலியை நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த முறைப்படி வலியின்றி முடித்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது செல் அளவில். தொடை, கீழ்க்கால் எலும்புகளிலிருந்து எடுத்த மஜ்ஜையில் 50 லட்சம் செல்களை வால் சிரையில் ஏற்றினால் எல்லா எலியும் பிழைக்கும்; காரணி கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் வேறுபாடே தெரியாது. 1 முதல் 2 லட்சம் செல்கள் ஏற்றினால்தான் மருந்தின் பயன் வெளிப்பட இடம் இருக்கும். ஏற்றுமுன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். செல் கட்டிகள் நுரையீரல் குழாய்களை அடைத்து எலியை அங்கேயே கொன்றுவிடும்.

மருந்தளவு நாளொன்றுக்கு கிலோவுக்கு 250 மைக்ரோகிராம், தோலடியில். 300 மைக்ரோகிராம் உள்ள 1 மில்லி ஃபில்கிராஸ்டிமுடன் (மருந்தாகக் கிடைக்கும் மனித ஜி-சிஎஸ்எஃப்) 3.8 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் மில்லிக்கு 62.5 மைக்ரோகிராம் கிடைக்கும். 25 கிராம் எலிக்கு 0.1 மில்லி. உப்புநீரில் கலக்கவே கூடாது, புரதம் படிந்துவிடும். மில்லிக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே நீர்க்க நேர்ந்தால் அல்புமின் சேர்க்க வேண்டும். இல்லையேல் மருந்தின் ஒரு பங்கு பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். மாற்றுக்கு மறுநாள் தொடங்கி நியூட்ரோஃபில் மீளும்வரை கொடுங்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே நாள்களில் வெறும் டெக்ஸ்ட்ரோஸ் ஊசி.

மனித ஜி-சிஎஸ்எஃப் எலியில் வேலை செய்யும். மனித ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-3 என்னும் மற்ற இரு வளர்ச்சிக் காரணிகளும் செய்யாது. அவற்றுக்கு எலிப் புரதமே வாங்க வேண்டும். தட்டணுக்கள் ஏற ஜி-சிஎஸ்எஃப் உதவாது, அதற்கு த்ரோம்போபொய்டின் என்னும் காரணிதான். செல்களை ஏற்றுமுன் காரணிகளில் ஊறவைத்தால் எண்ணிக்கை பெருகும். ஆனால் பிரிவுச் சுழற்சியில் நுழைந்த தண்டுச்செல்கள் மஜ்ஜையில் சரியாகக் குடியேறுவதில்லை. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்.

4, 8, 12, 16 ஆம் வாரங்களில் 50 மைக்ரோலிட்டர் இரத்தம் எடுத்து, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளந்து வகைப்படுத்தும் முறை) சிடி45.1 பங்கை மைலாய்டு (நியூட்ரோஃபில் போன்றவை), பி, டி செல்களுக்குத் தனித்தனியே பாருங்கள். பெறுநரின் பழைய டி செல்கள் கதிருக்குப் பின்னும் நெடுநாள் தங்கும் என்பதால் மொத்த விழுக்காடு ஏமாற்றும். குறுகிய ஆயுள் கொண்ட மைலாய்டு செல்களில் 16 ஆம் வாரம் தெரியும் பங்குதான் நம்பத்தக்கது. அதிலும் ஐயம் இருந்தால், அந்த எலியின் மஜ்ஜையை எடுத்துக் கதிரூட்டிய இன்னொரு எலிக்கு மாற்றிப் பாருங்கள்.