கணினி உலகில் எதேச்சாதிகாரத்தை வடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் சிலருக்கு நிரலாக்கம் கற்பித்து வருகிறேன். வரைபடத்தைக் கையால் வரையாமல், சில விதிகளையும் ஒரு விதை எண்ணையும் கணினியிடம் கொடுத்து, மலை, ஆறு, ஊர், மக்கள் அனைத்தையும் அதுவே உருவாக்கச் செய்யும் முறைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம். ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே உலகம் பிறக்கும். எண்ணை மாற்றினால் வேறோர் உலகம் பிறக்கும். அண்மைக் காலமாக இந்த உலகங்களுக்குள் அரசியலும் நுழைந்துவிட்டது. தேர்தலில் வென்று வந்த அரசுகளே நீதிமன்றத்தையும் ஊடகத்தையும் தம் பிடிக்குள் கொண்டுவரும் செய்திகளைப் படித்து வளரும் பிள்ளைகள், அந்தக் கவலையைத் தாங்கள் கட்டும் உலகத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறார்கள். நான் அதை மனமார ஊக்குவிக்கிறேன். ஆனால் தவறான விதிகளால் கட்டிய உலகம் தவறான இடத்தில் அச்சப்படவே கற்றுக் கொடுக்கும் என்பதால், மாணவர்களின் நிரல்களிலும் என் பழைய நிரல்களிலும் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் பிழை, ஆட்சிமுறையை நிலத்தின் குணங்களில் ஒன்றாகக் கருதுவது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு வெளிவந்த எலீட் என்ற விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களும் இருந்தன. அவ்வளவையும் நினைவகத்தில் வைக்க இடமில்லாததால் அனைத்தும் விதை எண்களிலிருந்தே பிறந்தன. ஒவ்வொரு கோளின் ஆட்சிமுறையையும் அந்த எண்ணின் 3 பிட்டுகள் முடிவு செய்தன: அரசின்மை, நிலப்பிரபுத்துவம், சர்வாதிகாரம், மக்களாட்சி என 8 வகைகள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அதைச் செய்து காட்டியது பெரும் சாதனை. எனினும், சர்வாதிகாரக் கோள் அங்கே எப்போதும் சர்வாதிகாரக் கோளாகவே இருக்கும். மக்களாட்சி அங்கே ஒருநாளும் சரியாது. இன்று கையில் பல கிகாபைட் வைத்திருக்கும் மாணவர்களும் இதையே செய்கிறார்கள். கென் பெர்லின் என்ற கணினி அறிஞர் 1980களில் வகுத்த, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு மெல்ல மாறும் தற்செயல் எண்களைத் தரும் இரைச்சல் சார்பைக் கொண்டு மலைகளை எழுப்பிவிட்டு, அதே சார்பை இன்னொரு முறை ஓட்டி "அடக்குமுறை அளவு" என்று வரைபடத்தின்மேல் விரித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஓரிடத்தில் கருஞ்சிவப்பாகத் தொடங்கி மெல்ல வெளிறும். ஆனால் அடக்குமுறை மலைச்சரிவைப் போலப் பரவுவதில்லை. யாருக்கு எந்த அதிகாரம் உண்டு, அதை யார் தடுக்க முடியும் என்ற உறவுகளில்தான் அது வளர்கிறது. ஆகவே ஆட்சிமுறைக்குத் தனி மதிப்பை வைக்காமல், மன்றம், நீதிபதி, அச்சகம், காவல் ஆகியவற்றைத் தனித்தனியாக உருவாக்கி, ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் நிலையிலிருந்தே ஆட்சியின் தன்மையைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது பிழையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கொடுங்கோலன் இல்லாமல் கொடுங்கோன்மை வராது என்ற எண்ணமே அது. 2017 நவம்பர் வெள்ளத்தில் தன் வீட்டுக்குள் நீர் புகுந்ததை மறக்காத ஒரு மாணவி, 64 வட்டாரங்கள் கொண்ட ஒரு தீவை உருவாக்கினாள். வெள்ளம் வந்தால் வட்டார மன்றத்தை நிறுத்திவைத்து ஆளுநர் நேரடியாக நிவாரணப் பணிகளை நடத்தலாம் என்பது அவள் எழுதிய விதி, நியாயமான விதிதான். 100 ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தபோது 61 வட்டாரங்களில் மன்றமே இல்லை. ஆட்சிக் கவிழ்ப்பு எதுவும் நடக்கவில்லை, ஒருவரும் சுடப்படவில்லை. ஆளுநர்களுக்குத் தான் கொடுத்திருந்த பேராசை மதிப்பே காரணம் என்று அவள் நினைத்தாள். அதைச் சுழியமாக்கி, அதே விதை எண்ணில் மறுபடியும் ஓட்டினோம். மீண்டும் 61. பிறகு நிரலை வரிவரியாகப் படித்தோம். அவசரநிலை என்ற மாறியை "உண்மை" ஆக்கும் வரி நான்கு இடங்களில் இருந்தது. அதைப் "பொய்" ஆக்கும் வரி எங்கும் இல்லை. அவள் அதை எழுதவே மறந்திருந்தாள்.

திரையை அணைக்காமல் அப்படியே விட்டு, நம் ஊர்க் கதையைச் சொன்னேன். ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகரமானது; அதன் தொடக்கக்கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் உள்ள சாலை வழியே பள்ளி செல்லும் பிள்ளைகளில் பலருக்கு, ஒரு காலத்தில் நம் நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தோம் என்பது தெரியாது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், நாடெங்கும் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் 1966இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலையே நீக்கியது. பினாங்குச் சட்டமன்றம் 2012இல் அதை மீட்கச் சட்டம் இயற்றியும், அது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 1969 மே மாதம் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலப் பிரகடனத்தின் கதையும் இதுவே: நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடிய பின்னரும், அந்தப் பிரகடனம் 2011இன் இறுதியில்தான் முறைப்படி நீக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அவசரநிலையோ ஆகஸ்ட் 1 என்ற முடிவு நாளைத் தாங்கி வந்தது. அந்த நாளோடு முடிந்தது. அதன் நியாயத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம், ஆனால் நிரல் எழுதுபவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவானது. விதிவிலக்கான எந்த அதிகாரத்தை எழுதினாலும், அது எப்போது காலாவதியாகும், யார் ஒப்புதலோடு நீளும், எந்தப் பதிவேட்டில் ஏறும் என்ற மூன்றையும் எழுத வேண்டும். வேண்டுமென்றே விட்டுவிடுவதாக இருந்தால், விட்டிருக்கிறோம் என்று தெரிந்தாவது விட வேண்டும்.

மூன்றாவது, மக்களின் மனத்தை ஒரே எண்ணாகச் சேமிப்பது. பெரும்பாலான நிரல்களில் ஒவ்வொரு குடிமகனுக்கும் "விசுவாசம் 0 முதல் 100" என்று ஒரு மதிப்பு இருக்கும். அது 40க்குக் கீழே போனால் அவர் எதிர்க்கத் தொடங்குவார். அச்சம் நிறைந்த சமூகத்தில் மனிதர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. மனத்தில் ஒன்று இருக்கும், வெளியே சொல்வது வேறாக இருக்கும். பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார் என்பதைப் பார்த்தே வெளியே சொல்வது மாறும். 1989 டிசம்பர் 21ஆம் தேதி ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் சர்வாதிகாரி சௌசெஸ்குவை வாழ்த்துவதற்காக அரசே திரட்டிய கூட்டத்தில்தான் எதிர்ப்புக் குரல் எழுந்தது; மறுநாள் அவர் ஹெலிகாப்டரில் தப்பி ஓடினார். முந்தைய நாள் எண்ணிப் பார்த்திருந்தால் கைதட்டியவர்களே மிகுதி. திமூர் குரான் என்ற பொருளியலாளர் இந்த மறைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே உள்மனத்துக்கு ஒரு மதிப்பு, வெளிச்சொல்லுக்கு ஒரு மதிப்பு, எத்தனை பேர் முன்வந்தால் தாமும் வாய்திறப்பார் என்பதற்கு மூன்றாவது ஒரு மதிப்பு என வைக்க வேண்டும். முக்கியமாக, உங்கள் உலகத்தின் அரசுக்கு வெளிச்சொல் மட்டுமே தெரிய வேண்டும். அப்போதுதான், தன் மக்களைப் பற்றித் தானே ஏமாந்துபோகும் அரசு எப்படி இருக்கும் என்று காண முடியும்.

இதோடு சேர்த்து வேகத்தையும் கவனிக்க வேண்டும். ஜோஷுவா எப்ஸ்டீன் 2002இல் வெளியிட்ட உள்நாட்டுக் கலவர மாதிரியில், ஒருவரின் மனக்குறை என்பது அவர் படும் துன்பமும், ஆட்சியின் நியாயத்தன்மை குறைந்திருக்கும் அளவும் பெருக்கி வருவது. அந்த மாதிரியில் நியாயத்தன்மை திடீரென்று வீழ்ந்தால் கிளர்ச்சி வெடிக்கிறது. அதைவிட அதிகமாக, ஆனால் சிறிது சிறிதாகக் குறைந்தால், துணிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைதாகி வெடிப்பே நிகழாமல் போகிறது. என் மாணவர்கள் எழுதும் வீழ்ச்சிகள் எல்லாம் ஒரே இரவில் நடப்பவை. கவலைப்பட வேண்டிய வகையோ மெதுவானது: ஹங்கேரியில் நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டதைப் போல, செய்தித்தாளின் உட்பக்கத்தில் வந்து போகக்கூடியது.

இன அடையாளத்தை நடத்தையோடு கட்டிவிடுவது மன்னிக்க முடியாத பிழை. ஒரு குழுவுக்குப் பெயர், உடை, மொழி ஆகியவற்றை உருவாக்கும் அதே வரியில் "கலக மனப்பான்மை" என்ற மதிப்பையும் உருவாக்கும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் அச்சத்தை ஆட்சிக் கருவியாக்கியவர்கள் எப்போதும் எடுத்துக்கொண்ட முதல் அனுமானம் அதுதான். அந்த வரியை அழித்துவிட்டு, குழுக்களுக்கிடையே யார் நிலம் யாரிடம் இருக்கிறது, யார் புகார் கேட்கப்படுகிறது என்பவற்றை எழுதுங்கள்.

மீட்பை ஆட்டக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பதும் பரவலான வழக்கம். அவர் வருவார், கோட்டைக்குள் நுழைவார், உலகம் விடியும். 2018 மே 9ஆம் தேதி இங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாக்களிப்பு புதன்கிழமையில் வைக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினர். வெளிநாட்டு அஞ்சல் வாக்குகளைத் தன்னார்வலர்கள் கையில் சுமந்து வந்தனர். ஒவ்வோர் எண்ணும் மையத்திலும் கட்சி முகவர்கள், வாக்கு எண்ணிக்கையைப் பதியும் 14ஆம் பாரத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தனர். 61 ஆண்டுகால ஆட்சி மாறியது. இந்தச் சிறு வேலைகள் அனைத்தையும் கணினி உலகத்தில் எழுத முடியும்: எண்ணிக்கையின் நகல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற ஒரே மாறியை மாற்றிப் பாருங்கள், முடிவுகள் எவ்வளவு மாறுகின்றன என்று தெரியும்.

கணினி காட்டியதை முன்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் விதிகளின் விளைவையே அது திருப்பிக் காட்டுகிறது. குறைந்தது சில நூறு விதை எண்களில் ஓட்டுங்கள். விதிகளையும் எண்களையும் சேர்த்தே பிறருக்குக் கொடுங்கள், அவர்களும் ஓட்டிப் பார்க்கட்டும்.

அந்த மாணவி மறுவாரம் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். அவசரநிலை 6 மாதங்களில் காலாவதியாகும். நீட்டிக்கத் தீவு மன்றம் வாக்களிக்க வேண்டும். ஒவ்வொரு நீட்டிப்பும் பதிவேட்டில் ஏறும். அதே விதை எண், அதே 12ஆம் ஆண்டில் அதே வெள்ளம். 100 ஆண்டுகள் முடிந்தபோது 63 வட்டாரங்களில் மன்றம் இருந்தது. 19ஆம் வட்டாரத்தில் மட்டும் அவசரநிலை 31 முறை நீண்டிருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். தீவு மன்றத்தில் காலியாகும் இடங்களை ஆளுநரே நிரப்பலாம் என்று முதல் வாரத்தில் அவள் எழுதிய ஒரு விதி அப்படியே இருந்தது. இப்போது அந்த வரியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.