புதிய உலாவியை ஒரு வாரம் சோதிப்பது எப்படி? தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிமுறை

புதிய உலாவியை நிறுவியவுடன் கண்ணில் படுவது அதன் முகப்புதான். பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். பழகிய கை பழைய இடத்தையே தேடிப் போகும். அந்த அரைமணி நேரத் தடுமாற்றத்தை வைத்து ‘இது சரிப்படாது’ என்று அழித்துவிடுபவர்களையும், வேகமாகத் திறக்கிறது என்பதற்காக அன்றைக்கே எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பிறகு அல்லல்படுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஓர் உலாவி நமக்கு ஏற்றதா என்பதை அறிய, நாம் அன்றாடம் செய்யும் வேலைகளையே ஒரு வாரம் அதனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். தமிழில் படித்துத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள், அந்தச் சோதனையைத் தமிழிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்ற பள்ளி விடுமுறையில் பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்திலுள்ள அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய பழைய மடிக்கணினியில் பயர்பாக்ஸை நிறுவிக் கொடுத்தேன். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காலையில் மலாய்மொழிச் சுற்றறிக்கை, மதியம் தமிழ்ப் பயிற்சித்தாள், இரவில் ஆங்கிலத்தில் வங்கிக் கணக்கு என்று மூன்று மொழிகளும் ஒரே நாளில் அவருடைய திரையில் வந்துபோகும். ஓர் உலாவியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமானவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார். அவருடன் அமர்ந்து செய்த வரிசையையே இங்கே தருகிறேன்.

எந்த உலாவியைத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகிய எல்லாமே குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின் மீது எழுந்தவை. மைக்ரோசாப்ட் தன் எட்ஜை 2020 ஜனவரியில் அந்த அடித்தளத்துக்கு மாற்றியது. ஆகவே இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது வசதிகளும் தோற்றமும் மாறுமே தவிர, பக்கங்களை வரைந்து காட்டும் உள்விசை மாறாது. மோசில்லாவின் பயர்பாக்ஸ், 2004 நவம்பரில் முதல் பதிப்பு வந்த காலந்தொட்டு, கெக்கோ என்னும் தனி உள்விசையில் இயங்கிவருகிறது. உண்மையிலேயே வேறுபட்ட ஒன்றைப் பார்க்க விரும்பியதால்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவும்போது, தேடல் முடிவுகளின் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காமல், தயாரித்தவரின் தளத்துக்கே நேராகச் சென்று பதிவிறக்குங்கள். ‘இதை உங்கள் முதன்மை உலாவியாக்கவா?’ என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் இறக்குமதி செய்யவா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். முதல் வாரத்தில் அது வெறுங்கையோடு இருக்கட்டும். பழைய உலாவியும் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

முதல் நாள் வேலை படிப்பது மட்டுமே. நீங்கள் தினமும் படிக்கும் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்து, தலைப்புகளை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள பத்திகளையும் படங்களின் கீழுள்ள வரிகளையும் பாருங்கள். ‘லீ’, ‘ழி’ போன்ற எழுத்துகளின் மேற்சுழியும், ‘கூ’, ‘ளு’ போன்றவற்றின் கீழ்வளைவும் முழுமையாகத் தெரிகின்றனவா என்பதே கேள்வி. அக்கா பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்தார்: “தம்பி, இந்தப் பக்கத்தில் ‘லீ’யின் தலை வெட்டுப்படுகிறது, பார்.” வரிகளுக்கு இடையில் அந்தத் தளம் விட்டிருந்த இடைவெளி, உலாவி எடுத்துக்கொண்ட எழுத்துருவுக்குப் போதவில்லை. பயர்பாக்ஸின் அமைப்புகளில், ‘பொது’ என்ற பகுதியில் உள்ள எழுத்துருக்களுக்குச் சென்று, ‘மேம்பட்டவை’ என்ற பொத்தானை அழுத்தினால், ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனியே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பலகை திறக்கும். அங்கே தமிழைத் தேர்ந்து, விண்டோஸுடன் வரும் நிர்மலாவை வைத்தோம். அதே பலகையில் மிகக்குறைந்த எழுத்தளவையும் 16 ஆக்கினோம். சுழி முழுதாகத் தெரிந்தது. தமிழுக்கென்று தனியாக இப்படி எழுத்துரு குறிக்கும் இடம் இருப்பதை நான் பெரிய மதிப்புடன் பார்க்கிறேன். ஆங்கிலத்தின் அளவைக் குலைக்காமல் தமிழை மட்டும் சரிசெய்துகொள்ள முடிகிறது அல்லவா?

ஒரு பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால், உடனே உலாவியைக் குறைசொல்லாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி போன்ற குறியாக்கங்களில் உருவான பழைய தமிழ்ப் பக்கங்கள் எந்த உலாவியிலும் அப்படித்தான் தெரியும். அவற்றை ஒரு குறியாக்க மாற்றியில் ஒட்டித்தான் படிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் தட்டச்சு. தமிழ்99 ஆனாலும், நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிவழி விசைப்பலகை ஆனாலும், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதையே வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் தட்டிப் பாருங்கள்: முகவரிப்பட்டை, மின்னஞ்சல் எழுதும் பெட்டி, இணையத்தில் திறக்கும் ஆவணம். மூன்றும் உள்ளே வேறு வேறு விதமாக இயங்குபவை; ஒன்றில் சரியாக வந்தது மற்றொன்றில் எழுத்தை விழுங்கலாம். வேகமாகத் தட்டும்போதுதான் இந்தக் குறை வெளிப்படும் என்பதால், நிதானமாக ‘வணக்கம்’ என்று மட்டும் தட்டிப் பார்த்து நிறைவடையக் கூடாது. ஒரு முழுப் பத்தியைத் தட்டுங்கள். பிறகு ‘கொ’ என்று தட்டி, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். கொம்பும் காலும் ஒன்றாக மறைந்து ‘க’ மட்டும் நின்றால், எழுத்து ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. கால் மட்டும் போய் ‘கெ’ என்று நின்றால், உங்கள் விசைப்பலகை அதை இரண்டு துண்டுகளாக அனுப்புகிறது என்று பொருள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பக்கத்துக்குள் ‘கொடி’ என்று தேடும்போது ஒன்று அகப்பட்டு மற்றொன்று அகப்படாமல் போகலாம். வினாத்தாள்களைச் சேமித்து வைத்துத் தேடி எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

எழுத்துப்பிழை திருத்தியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆங்கில அகராதி மட்டும் இருந்தால், நாம் எழுதும் மலாய்ச் சொற்கள் அனைத்தின் கீழும் சிவப்புக் கோடு ஓடும். பயர்பாக்ஸின் நூறாவது பதிப்பிலிருந்து (2022 மே) ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை ஒரே நேரத்தில் சரிபார்க்க முடிகிறது; தட்டச்சுப் பெட்டியில் வலச்சொடுக்கிட்டு, நிறுவியுள்ள அகராதிகளில் வேண்டியவற்றைக் குறியிட்டால் போதும்.

வங்கியையும் அரசுத் தளங்களையும் நான்காம், ஐந்தாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். அதற்குள் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது பழகியிருக்கும்; பணம் புழங்கும் பக்கத்தில் தடுமாறாமல் இருப்பது முக்கியம். முகவரியை நீங்களே தட்டுங்கள்; புலனத்திலோ (வாட்ஸ்அப்) குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பின் வழியாகப் போகாதீர்கள். முதல் முறை கணக்கின் இருப்பை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளமும் நம்மை நினைவில் வைக்க உலாவியில் சேமிக்கும் குக்கிகள் என்னும் சிறு குறிப்புகளை அந்தந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்து வைப்பதால், ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு அழைத்துச் செல்லும் கட்டணப் பக்கங்கள் சில நேரம் பாதியில் நின்றுவிடும். அக்காவின் தண்ணீர்க் கட்டணம் அப்படித்தான் வெள்ளைத் திரையில் நின்றது. முகவரிப்பட்டையின் இடப்பக்கம் உள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தியபின் வேலை முடிந்தது. ஆனால் இப்படி நின்றுபோன பக்கத்தில் பணம் செலுத்தும் பொத்தானை மீண்டும் அழுத்துவதற்கு முன், பணம் ஏற்கெனவே போய்விட்டதா என்று வங்கிக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். மோசடித் தளத்தில் விவரங்களைக் கொடுத்துவிட்டோம் என்ற ஐயம் எழுந்தால், உலாவியைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு, உடனே வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான நீட்சிகளைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜினைப் பரிந்துரைக்கிறேன். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் அதன் முழுமையான வடிவம் அங்கே செல்லுபடியாகாமல் போய்விட்டது; பயர்பாக்ஸில் இன்றும் இயங்குகிறது. நினைவகப் பயன்பாட்டை அறிய, வழக்கமாகத் திறக்கும் தாவல்களையே இரண்டு உலாவிகளிலும் திறந்து, ஒவ்வொன்றின் ‘கூடுதல் கருவிகள்’ பட்டியலிலும் உள்ள பணி மேலாளரில் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைப்பேசியிலும் சோதிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும், உள்ளே இயங்குவது ஆப்பிளின் வெப்கிட் என்னும் உள்விசைதான். ஆகவே அங்கே பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஆண்டிராய்டு பயர்பாக்ஸில் நீட்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் நாள், பழைய உலாவியை அந்த வாரத்தில் எதற்காகத் திறந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு தளங்களுக்காக மட்டுமே என்றால், புதியதை முதன்மை உலாவியாக்கிவிட்டு, புத்தகக்குறிகளை இறக்குமதி செய்யலாம். கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்து மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் கோப்பு பூட்டில்லாத வெறும் எழுத்துக்கோப்பு என்பதை நினைவில் வையுங்கள். யார் திறந்தாலும் எல்லாக் கடவுச்சொற்களும் அப்படியே தெரியும். அதைப் புலனத்தில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதோ விரலியில் (பென் டிரைவ்) போட்டு வைப்பதோ கூடாது. இறக்குமதி முடிந்ததும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அக்காவின் கணினியில் இதைச் செய்து முடித்தபின், பழைய உலாவியின் சின்னத்தைப் பணிப்பட்டையிலிருந்து எடுத்துவிட்டு, உலாவியை மட்டும் நீக்காமல் விட்டுவைத்தோம். பள்ளியின் வருகைப்பதிவுப் பக்கம் இன்னும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கிறது.