பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை ரசித்து ஓட்டுபவருக்கு விற்பது எப்படி?

கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரைத் தேடி வருபவருக்கு அந்த மாடலைப் பற்றி நிறையவே தெரிந்திருக்கும். பளபளப்பைக் காட்டி அவரிடம் விற்க முடியாது. பராமரிப்பைக் காட்டினால் நல்ல விலை கொடுப்பார். இங்கிலாந்தில் இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 (1998–2005) ஒன்றை விற்றபோது நான் செய்தவை இவை. விளம்பரம் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் காகிதங்கள். வி5சி லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்), சர்வீஸ் பில்கள், உதிரிபாக ரசீதுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். வண்டியின் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை) வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ஆள் வருவார். அதில் துரு பற்றிக் குறிப்பு இருந்தால், சரிசெய்த பில்லை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

அடுத்து, துரு. பேரம் படிவதும் முறிவதும் இங்கேதான். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் வழியாக இறங்க வேண்டும். இலைத்தூளும் சேறும் அதை அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்குள் தண்ணீர் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அநேகமாக அதுதான் காரணம். ஒரு கோப்பைத் தண்ணீரை வடிகாலில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்பக்கம் அடியில் உடனே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் புல்வெட்டும் கருவியின் நைலான் நூலை விட்டு அடைப்பை எடுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

அப்புறம் வண்டியைத் தூக்கி நிறுத்தி, இரண்டு சில்களையும் முன்பக்கச் சேசிஸ் ரெயில்களையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டங்கள்) படம் எடுங்கள். போன் ஃப்ளாஷ் போதாது, பட்டறையில் வைத்திருக்கும் எல்இடி விளக்குதான் சரி. விற்பதற்கு முன் அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கவே அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் எதையோ மறைப்பதாகத்தான் நினைப்பார். துருவைத் தடுக்க, சில் போன்ற பகுதிகளின் உள்ளே செலுத்தும் மெழுகே என் தேர்வு. இருக்கும் துருவை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் வரும் நாளில் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பலர் வந்ததும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்; சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் கோளாறை மறைப்பதாக நினைப்பார்கள். ஓட்டிப் பார்க்க அவருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். குளிர் காலையில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். அவர் போனில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் ஏறியதைப் பாருங்கள். உடனே டிவிஎல்ஏ (வாகனப் பதிவுத் துறை) இணையதளத்தில், லாக்புக்கில் உள்ள 11 இலக்க எண்ணைப் போட்டு விற்பனையைப் பதிவு செய்யுங்கள். புதியவருக்கான பச்சைச் சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுங்கள். சாலை வரி அவருக்கு மாறாது. மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் உங்களுக்குத் திரும்பி வரும். அவர் புதிதாக வரி கட்டிய பிறகே ஓட்டிப் போகலாம்.

பிற்சேர்க்கை: லண்டன் வாசகர்கள் பலர் யூலெஸ் (அதிகம் மாசுபடுத்தும் வண்டிகளுக்குத் தினக்கட்டணம் வாங்கும் மண்டலம்) பற்றிக் கேட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (நகரின் நிர்வாகப் பகுதிகள்) அது உண்டு. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருக்க வேண்டும். பழைய எம்எக்ஸ்-5 கார்களில் சில அதில் தேறும், சில தேறாது. வண்டி எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறை தளத்தில் போட்டுப் பார்த்து, முடிவு எதுவானாலும் விளம்பரத்தின் முதல் வரியில் எழுதுங்கள். தேறாத வண்டியை நகருக்கு வெளியே இருப்பவர்களிடம் விற்பதுதான் சுலபம்.