ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஏஐயிடம் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி?

லேப் ரிப்போர்ட் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாமல்தான் நம்மில் பலர் சாட்ஜிபிடி, ஜெமினி பக்கம் போகிறோம். சரி, போவதை ஒழுங்காகப் போவோம். சர்க்கரை ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

1. பெயர், போன் நம்பர் எதையும் கொடுக்காதீர்கள். மூலையில் இருக்கும் க்யூஆர் கோடையும் மறைத்துவிடுங்கள். சில லேப்களில் அதை ஸ்கேன் செய்தாலே முழு ரிப்போர்ட்டும் திறந்துவிடும்.

2. போட்டோ வேண்டாம், எண்களை டைப் செய்யுங்கள். அம்மாவின் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 6.1 என்று இருந்ததை 8.1 என்று படித்துவிட்டு, பக்கம் பக்கமாக அறிவுரை சொன்னது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய் என்ற பேச்சே வரும். ஒரு இலக்கம் மாறியதில் அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

3. இப்படிக் கேளுங்கள்: "வயது 58, பெண். ஹெச்பிஏ1சி 6.1 சதவீதம். வெறும் வயிற்றில் சர்க்கரை 112 மில்லிகிராம்/டெசிலிட்டர். ஹீமோகுளோபின் 9.4 கிராம்/டெசிலிட்டர். சர்க்கரை மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஒவ்வொரு எண்ணும் எதைக் காட்டுகிறது என்று எளிய தமிழில் சொல்." அலகை விடாதீர்கள். சில நாடுகளில் மில்லிமோல் கணக்கு. நம் 126 மில்லிகிராம் அங்கே 7 மில்லிமோல்.

4. அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதில்லை, எனக்கு உதவியது அதுதான்: "இந்த எண் தப்பாகக் காட்ட என்ன காரணம் இருக்கலாம்?" சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இரண்டு மூன்று மாதச் சராசரி கிடைக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்குக் குறைவாகக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

5. கடைசியாக, "டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள் கொடு" என்று கேட்டு, வருவதைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அளவை மட்டும் ஏஐ பேச்சைக் கேட்டு மாற்றாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம் என்றால் டைப் செய்துகொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு முதலில் எழுதிக் கொடுத்தது, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிடின் டெஸ்ட்.